வெள்ளைத் தட்டுகள்

காலை ஏழரைக்கு நாற்பது பெண்கள் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து நின்றிருக்க, பிரேமினி கையிலிருந்த தாளை உரத்து வாசித்தாள். கொழும்புக்கு அனுப்பிய நண்டுச் சதையில் மூன்று டின்களுக்குள் ஓட்டுத் துண்டுகள் இருந்தனவாம். "மூண்டு டின்னும் நாலாம் மேசை, சிவலட்சுமி. இனியாவது கவனமாச் செய்யோணும்." ஒருவரும் சிவலட்சுமியின் பக்கம் திரும்பவில்லை.

இருவரும் ஒரே நாளில் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். தீவுக்குள் ஓலைத்தொடுவாயிலிருந்து பிரேமினி, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்து உயிலங்குளத்திலிருந்து சிவலட்சுமி. ஆறு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று, அவித்த நண்டை உடைத்துச் சதையை முழுதாக உருவியெடுத்தவர்கள். விரல் வேகத்தில் சிவலட்சுமியை வெல்ல ஆளில்லை. பிரேமினிக்கு இங்கிலிஷ் கடிதம் வாசிக்க வரும் என்பதால் போன மாசியில் அவளை மேற்பார்வையாளராக்கினார்கள். அன்றிலிருந்து, 'எடி' என்று கூப்பிட்ட சிவலட்சுமி அவளை 'மிஸ்' என்றாள். பகிடிக்குத்தான் என்று பிரேமினி முதலில் நினைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் சிவலட்சுமி உரித்த சதையின் நிறை வழக்கத்தில் பாதிதான். ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமினிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள். பிறகு உடைமாற்றும் அறையில், சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் அவள் இருப்பதைக் கண்டபோது, காலையில் வாசித்த தன் குரல் தனக்கே கேட்டது. அந்தக் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

"கோவமோ?"

"பிழை எண்டாச் சொல்லத்தானே வேணும், மிஸ்."

"அப்ப ஏன் சாப்பிடாமல் இருக்கிறாய்?"

சிவலட்சுமி நிமிர்ந்தாள். "ஓட்டுத் துண்டை விட்டது நான்தான். ரெண்டாந் தரம் விரலால தடவிப் பாக்கேல்லை. அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஆறு வருசமா வராத பிழை இப்ப ஏன் வருதெண்டு என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியே? பேரை வாசிச்சுப்போட்டுப் போயிட்டாய்."

"இப்ப கேக்கிறன். ஏன்?"

"நீ மாத்தின தட்டு. சதையும் வெள்ளை, உள் ஓட்டுத் துண்டும் வெள்ளை, தட்டும் வெள்ளை. பழைய நீலத் தட்டில எண்டா பளிச்செண்டு தெரியும்."

பிரேமினிக்கு முகம் சுட்டது. பதவிக்கு வந்து அவள் எடுத்த முதல் முடிவு அந்தத் தட்டுகள். சுத்தமாக இருக்கும் என்று மனேஜர் அருட்பிரகாசத்தோடு வாதாடி வாங்கியவை. படம் பிடித்துத் தாய்க்குக்கூட அனுப்பியிருந்தாள். 'முதலே சொல்லியிருக்கலாமே' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. தட்டு வந்து மூன்று கிழமையில் தான் ஒருத்தியிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வர, அதை விழுங்கினாள். பின்னறையிலிருந்து ஒரு நீலத் தட்டை எடுத்து வந்து, ஒரு வெள்ளைத் தட்டில் கிடந்த சதையை அதில் மாற்றிப் பரப்பினாள். வெள்ளையில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நீலத்தில், நகத்துணுக்கு அளவில் இரண்டு ஓட்டுத் துண்டுகள்.

மறுநாள் காலை அவள் கையில் தாள் இல்லை.

"வெள்ளைத் தட்டு என்ர முடிவு. அது பிழை. நேற்றுச் சிவலட்சுமியைத் தனியக் கூப்பிட்டுக் கேக்காமல், எல்லாருக்கும் முன்னால சொன்னதும் பிழை. அதாலதான் இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். காரணத்தைக் கண்டுபிடிச்சது அவதான். கொழும்புக்குப் போற அறிக்கையில அவவின்ர பேர்தான் போகும்."

சொல்லி முடித்து நின்றபோது, பதவி கிடைத்த நாளில்கூட இல்லாத ஒரு நிமிர்வு அவள் முதுகில் இருந்தது. சிவலட்சுமி கையுறையை இழுத்து மாட்டினாள்.

"சரி, நண்டு காத்துக்கிடக்கு" என்றாள். முகக்கவசங்களுக்குள் நாற்பது பேரும் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து அகீல் என்ற பரிசோதகர் வந்தார். இளம் வயது. நாலாம் மேசைச் சதையை நீலத் தட்டில் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ" என்றாள் சிவலட்சுமி. "அப்பிடி அமத்தினா ஓடு சதைக்குள்ள போயிடும். விரல் நுனியால, ஒரே பக்கமாத் தடவுங்கோ."

அருகில் நின்ற மனேஜர் அருட்பிரகாசம் பிரேமினியைப் பார்த்தார், அவளைத் தடு என்பதுபோல. பிரேமினி அசையவில்லை.

அகீல் கையை எடுத்தார். விரல் நுனியைச் சதையில் வைத்தார்.

"இப்படியா?"

"இன்னும் மெதுவா."

மற்ற மேசைகளில் ஓடு உடைபடும் சத்தம் நின்றிருந்தது. எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க, அவருடைய விரல்கள் குளிர்ந்த சதையினூடே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.