மெஷின் சொன்ன நானூற்றுப் பத்து

சர்க்கரை பார்க்கும் மெஷினில் நானூற்றுப் பத்து என்று விழுந்ததும் கணக்கு வாத்தியாருக்குத் தலை சுற்றியது. சர்க்கரைக்காரியான மனைவியின் விரலில் தினமும் விடிந்ததும் குத்திப் பார்ப்பவர் அவர்தான். இருநூறைத் தாண்டி அவர் பார்த்ததே இல்லை.

திருட்டுத்தனமாக இனிப்பு தின்றாயா என்று கேட்டுச் சமையலறை டப்பா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். இல்லவே இல்லை என்றாள் அவள்.

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புற்றுநோய் மருந்தில் துவண்டு கிடந்தவளை, ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியாமல் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போய் வைட்டமின் சி டிரிப் போட்டு வந்துகொண்டிருந்தார் வாத்தியார். அன்று காலையும் போட்டிருந்தது; அந்த அவசரத்தில் விரலில் குத்திப் பார்த்தது திரும்பி வந்த பிறகுதான். நோயைத் தீர்க்காது, கொஞ்சம் தெம்பு வரும் என்றுதான் அங்கே சொன்னார்கள். முதல் தடவைக்குப் பிறகு அவளும் இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்து அவரைக் கேலி பேசினாள். அந்தக் கேலிக்காகவே அவர் மறுபடி மறுபடி போனார். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று அவள் வாயை அடைத்தார்.

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நர்ஸ் குத்திப் பார்த்ததிலும் ஏறக்குறைய அதே எண். இன்சுலின் எடுத்து வந்தவள், மனைவியின் முழங்கை மடிப்பில் இருந்த புதுப் பிளாஸ்திரியைக் கவனித்தாள்.

"இன்னைக்கு ஏதாவது ஏத்தினாங்களா?"

"ரத்த டெஸ்ட்," என்றார் வாத்தியார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. ஊசிக்குக் கையை நீட்டினாள். வாத்தியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க சிஸ்டர். காலையில வைட்டமின் டிரிப் போட்டுட்டு வந்தோம்."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். அந்த வைட்டமின் ரத்தத்தில் ஏகத்துக்கு இருந்தால், விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் அதையும் சர்க்கரையாகக் கணக்குப் பண்ணிவிடுமாம். லேபுக்கு அனுப்பிய ரத்தத்தில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டுதான் இருந்தது. இன்சுலின் ஏறியிருந்தால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று மட்டும் நர்ஸ் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் வந்து, இதுவரை எத்தனை டிரிப் என்று கேட்டார்.

"மூணு," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடி.

"அஞ்சுங்க," என்றாள் மனைவி மெதுவாக. "வாத்தியாருக்கு இன்னைக்குக் கணக்கே வரல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் நிமிரவில்லை.

"அஞ்சுதான் டாக்டர்," என்றார். "அவ இனிப்பு ஒண்ணும் திங்கல."

தின்றாளா என்று டாக்டர் கேட்டிருக்கவே இல்லை.