ஏழாவது கிலோமீட்டர்

மகள் இறந்த பிறகு அவளுடைய மோட்டார் சைக்கிள், வீட்டு முன்னறையில் ஸ்டாண்டு போட்டு நின்றபடியே, பன்னிரண்டு வருடத்தில் எண்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடாது. அன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஆறரைக்குப் பதினொரு கிலோமீட்டர், மதியம் மூன்றுக்குப் பதினொரு கிலோமீட்டர். அவள் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற தூரம் அது. சக்கரம் சுற்றாது, சத்தம் வராது. மீட்டரில் எண் நகரும், எஞ்சின் சுடும், பெட்ரோல் குறையும், அவ்வளவுதான்.

அப்பா எடைமேடையில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிறவர். கூட வேலை செய்தவர்கள் அவரை அரைச்சுற்று என்பார்கள். எதை முடுக்கினாலும், அது தண்ணீர் பாட்டில் மூடியாகவே இருந்தாலும், முடிந்த பிறகு இன்னும் அரைச்சுற்று சுற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. மகளின் வண்டியில் மெக்கானிக் கை வைக்க அவர் விட்டதே இல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னறையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். எஞ்சின் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுவது, செயினை மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவித் தளர்வு எடுப்பது, பிளக்கைச் சுரண்டுவது எல்லாம் அவரே. தொடங்கும் முன் மீட்டர் எண்ணைச் சுவரில் பென்சிலால் குறிப்பார். அவருடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டில் ஒரு செப்பு வாஷர் இருக்கும். ஒருமுறை கழற்றிய வாஷரை அவர் மறுபடி போட மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீட்டர் 18,412. ஆயில் முழுக்க வடிந்த பிறகுதான் டப்பாவில் புது வாஷர் இல்லை என்று தெரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் அன்றைக்கு விடுமுறை. தலை துவட்டிக்கொண்டே வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"பழசையே போடுங்கப்பா. ஒண்ணும் ஆகாது."

"கசிஞ்சா எஞ்சின் பிடிச்சுக்கும்மா. நடு ரோட்டுல வண்டி நின்னா என்ன பண்ணுவே? நாளைக்கு ஒரு நாள் பஸ்ல போ. மத்தியானம் ரெடி பண்ணிடறேன்."

"நல்லா இருக்கு. வண்டிக்கு ராஜ உபசாரம், எனக்கு பஸ்ஸா," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை ஏழாவது கிலோமீட்டரில், பாலத்துக்கு முந்தின வளைவில், பஸ் கவிழ்ந்தது. பஸ்ஸில் ஏறிப் போனவர்கள் முப்பத்தொரு பேர், உயிரோடு திரும்பி வந்தவர்கள் முப்பது பேர். பழைய வாஷரை நம்பி மகளை அனுப்ப மனசு வராத அளவுக்கு அவர் அவளை நேசித்தார். அதற்குக் கிடைத்தது இது.

அடுத்த ஞாயிறு உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, அவர் முன்னறைக்கு வந்தார். எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. தட்டில் கறுப்பு ஆயில், கிண்ணத்தில் போல்ட். சுவரில் பென்சிலால் எழுதியது 18,412. மீட்டரில் 18,544. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மனசுக்குள் வகுத்தார். ஆறு நாளைக்கு இருபத்திரண்டு. பயந்தோ ஆச்சரியப்பட்டோ நிற்க அவருக்கு நேரம் இல்லை. பிள்ளை ஆறு நாளாக ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், நாளைக் காலை ஆறரைக்கு மறுபடி கிளம்பிவிடுவாள் என்பது மட்டும்தான் அவருக்கு உறைத்தது. கடை அன்றைக்கும் மூடியிருந்தது. கிண்ணத்தில் கையை விட்டுப் பழைய வாஷரையே எடுத்துத் துடைத்தார், போல்ட்டில் மாட்டினார், முடுக்கினார். அரைச்சுற்று சேர்த்தே முடுக்கினார். நிமிர்ந்தபோது கதவருகே அவர் மனைவி நின்றிருந்தாள்.

"இதை அன்னிக்கே போட்டிருக்கக் கூடாதா," என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. ஆனால் தினமும் காலை ஒரு கேள்வி உண்டு. ஆறரைக்கு அவர் முக்காலியைப் போட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறும். ஆறு ஏறியதும் அவர் முக்காலியின் நுனிக்கு நகர்வார். அடுக்களையில் அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பாள்.

"ஏழு தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு."

அதன் பிறகுதான் அவள் கரண்டியைக் குழம்பில் விடுவாள்.

தெருவில் முதல் வருடம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மெக்கானிக் ஒருவர் மீட்டர் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எண் பாட்டுக்கு நகர்ந்தது. "கேபிள் இல்லாமலே ஓடுதுன்னா இது ரிப்பேர் இல்லீங்க," என்று சொல்லி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. பெட்ரோல் பங்கில் பத்து நாளைக்கு ஒருமுறை கேனோடு போகும் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் வண்டி மூன்றரைக்கு நனைந்து சொட்டியது. மனைவி பேசாமல் வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனாள். நான்கு செயின், ஆறு டயர் தேய்ந்தன. அவர் பணி ஓய்வு பெற்றார். சுவரில் பென்சில் எண்கள் அவர் தோள் உயரத்தைத் தாண்டி ஏறின. அந்த வாஷரை மட்டும் அவர் மாற்றவில்லை. இருபத்தேழு முறை கழற்றி இருபத்தேழு முறையும் அதையே போட்டார். ஒரு சொட்டுக் கசிந்ததில்லை.

பன்னிரண்டாம் வருடக் கடைசியில் மீட்டர் 99,999 தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்தது. ஆயில் மாற்றும் முறையும் அந்த வாரமே வந்தது. அவருக்கு அதற்குள் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பாட்டில் மூடியையே மனைவிதான் திறந்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்து உட்கார்ந்தார். எப்படியோ ஆயிலை வடித்துவிட்டார். வாஷரைப் பார்த்தால் தாள் போலத் தேய்ந்திருந்தது. அவருக்குப் பழைய பயம் வந்தது. டப்பாவில் புதுசு ஒன்று இருந்தது, இந்தத் தடவை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துப் போல்ட்டில் மாட்டினார். போல்ட்டைத் துளையில் வைத்தால் கை நிற்கவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. நான்காவது முறை அவர் அதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போல்ட்டிலிருந்த புது வாஷரை உருவிக் கீழே வைத்தாள். பழையதை எடுத்துத் துடைத்து மாட்டினாள். ஸ்பேனரை அவள் அதுவரை தொட்டதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். முடுக்கினாள். முடிந்த பிறகு இன்னும் அரைச்சுற்று சுற்றினாள்.

"பழசையே போட்டுட்டேங்க," என்றாள்.

அவர் கீழே கிடந்த புது வாஷரை எடுத்து டப்பாவில் போட்டார்.

"ஒண்ணும் ஆகாது," என்றார்.

மறுநாள் அவள் இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டாள். ஆறரைக்கு எண் நகர்ந்தது. ஏழு தாண்டியதை இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். மீட்டர் பதினொன்று ஏறி நின்ற பிறகு அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.