இங்கிட்டு ஒரு அருள்தாஸ், அங்கிட்டு ஒரு அருள்தாஸ்

எங்கள் கல்லூரியில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'கல்வித்தந்தை ரகுநாத் உபயம்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். சுழன்றால் படிக்க முடியாது. அதனால் தாளாளர் ரகுநாத் அலுவலகத்துக்குள் நுழையும்போது விசிறியை நிறுத்திவிடுவது வழக்கம். வேர்க்க வேர்க்க நின்று வணக்கம் சொல்வோம். அவருக்கு 'கல்வித்தந்தை' பட்டம் கொடுத்த விழாவுக்குப் பந்தல் போட்டவரும் அவரேதான்.

நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். இலுப்பூர்க்காரன், பெயர் எழிலரசன். தாளாளர் பேசுவதைக் கேட்டு உள்ளுக்குள் சிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளுக்குள் மட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் கல்லூரிக்கு இரண்டு சர்வர் வாங்கினோம். நிறுவித் தந்தவன் அருள்தாஸ், ஆவூர்ப் பக்கத்துப் பையன். ஒன்று என் மேசைக்கு எதிரே கண்ணாடிக் கூண்டுக்குள். அதில் மென்பொருள் ஓடும். இன்னொன்று ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால். மாணவர் பெயர், மதிப்பெண், டி.சி. விவரம் எல்லாம் அதற்குள். அதற்குத் திரைகூட இல்லை.

"சார், டொமைன்னு ஒண்ணு வச்சிட்டா நல்லது. இருக்கிற மெஷினுக்கெல்லாம் அதுதான் தலை. யாரு எவருன்னு அது சொன்னா மத்ததெல்லாம் கேட்டுக்கும்" என்றான் அருள்தாஸ்.

"தலையா? அப்ப நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார் தாளாளர்.

டொமைன் வேண்டாம் என்று முடிவானது. அருள்தாஸ் வேறு வழி செய்தான். இரண்டு கணினியிலும் ஒரே பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்தான். அவசரத்தில் தன் பெயரையே போட்டுவிட்டான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினான்.

"இங்கிட்டு ஒரு அருள்தாஸ், அங்கிட்டு ஒரு அருள்தாஸ். பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கிறதால ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்பிக்கிரும். இங்கிட்டு எதையாச்சும் மாத்துனீங்கன்னா அங்கிட்டும் மாத்திரணும். இல்லைன்னா கதவைத் திறக்காதுண்ணே."

தலையை ஆட்டினேன். நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

சர்வர் திறப்பு விழாவில் தாளாளர் ரிப்பன் வெட்ட, அருள்தாஸ் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே கீரனூரில் ஒரு பள்ளி அவனுக்கு உட்கார நாற்காலி கொடுத்துக் கூப்பிட்டது, போய்விட்டான். தாளாளர் அதைத் துரோகம் என்றார். இனி அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றார்.

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, விருந்தினர் இருவருக்குக் கண்ணாடிக் கூண்டைச் சுற்றிக்காட்டினார் தாளாளர். திரையில் 'அருள்தாஸ்' என்றிருந்தது. விருந்தினர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? நான் கட்டுன காலேஜ்ல அந்தப் பய பேரு மினுக்கிக்கிட்டு இருக்கு?"

"அது லாகின் பேருங்கய்யா."

"எடுத்துட்டு கல்வித்தந்தைன்னு போடு."

"உள்ள இருக்கிறதுலயும் மாத்தணுங்கய்யா. ஸ்டோர் ரூம்ல ஸ்கிரீன் இல்ல, தூக்கிட்டு வந்து மாட்டணும்..."

"ஸ்டோர் ரூமுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்? இங்க மாத்து, போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் விரல்களாலேயே 'அருள்தாஸ்' என்பதை அழித்து 'கல்வித்தந்தை' என்று அடித்தேன். எதுவும் நிற்கவில்லை, மென்பொருள் பாட்டுக்கு ஓடியது. கணினிக்குக்கூட இவர் மேல் பயம் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. திங்கள் காலை சர்வர்களை மறுபடி போட்டபோது, ஸ்டோர் ரூமில் இருந்தது புதுப் பெயரோடு வந்த கண்ணாடிக் கூண்டுக்காரனை யாரென்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டது.

அன்றைக்குத்தான் ரஞ்சிதா வந்தாள். எங்களிடம் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கூட அவள் அம்மா சொர்ணவல்லி, சந்தையில் கடலை விற்கிறவர். ரஞ்சிதாவுக்குத் திருச்சியில் அரசு நர்சிங் இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்துக்குள் டி.சி.யோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்கு இடம் போய்விடும். அப்போது மணி பத்தே கால்.

"அரை மணி நேரத்துல வாங்கிக்கலாம்மா" என்றேன்.

திரையில் ஒரே வரி: உள்நுழைவு தோல்வி. எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

தாளாளர் வந்தார். கேபிளை ஆட்டச் சொன்னார். வைரஸ் என்றார். சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டார். புகாரைப் பதிவு செய்துகொண்டு இரண்டு வேலை நாள் கேட்டார்கள்.

"ஐயா, பழைய டி.சி. புத்தகம் பீரோவுல இருக்கு. கையால எழுதிக் குடுத்துறலாங்களா?"

"வாசல்ல என்ன போர்டு வச்சிருக்கோம்?"

"காகிதமில்லாக் கல்லூரிங்கய்யா."

"அப்புறம்?"

டி.சி.யை எப்படியும் காகிதத்தில்தான் அச்சடிக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கலாம். பேரை மாத்தினதுதாங்கய்யா காரணம் என்று வாயைத் திறந்திருக்கலாம். மாற்றியது யார் என்று கேட்பார். உன்னை யார் அரைகுறையாக மாற்றச் சொன்னது என்று கேட்பார். அவர் கேட்கப்போகும் கேள்விகளை எல்லாம் நானே எனக்குள் கேட்டுப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றரை மணிக்குச் சொர்ணவல்லி மேசை அருகே வந்தார்.

"சார், நாங்க ஏதும் எழுதிக் குடுக்காம விட்டுட்டமா? எங்க மேல தப்புன்னா சொல்லுங்க சார், திருத்திக்கிர்றோம்."

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய் அருள்தாஸைப் போனில் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, அதிசயமா இருக்கு? கல்வித்தந்தை சௌக்கியமா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பழைய பேரை மறுபடி போடுங்க. ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணுங்க. அம்புட்டுத்தான். எப்பலேருந்து ஓடல?"

"காலையிலேருந்து."

"காலையிலேருந்தா? போன் உங்க கையிலதான இருந்துச்சு?"

பெயரை மாற்றி, கணினியை மறுபடி போட நான்கு நிமிடம் ஆனது. டி.சி. அச்சாகி வந்தது. நடத்தை: நன்று. முதல்வர் கையெழுத்துப் போடும்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. திருச்சிக்கு இங்கிருந்து பஸ் ஒன்றரை மணி நேரம். ரஞ்சிதா காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் ஓடினார்.

தாளாளர் வெளியே வந்தார். "பாத்தியா? ஆறப்போட்டா மெஷின் தானா சரியாயிரும்" என்றார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து முப்பத்தைந்து. வரிசையில் அடுத்திருந்த பெண் ஐந்து பத்துக்கே சேர்ந்திருந்தாள்.

தாளாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இது ஒன் காலேஜும்மா. எப்ப வேணாலும் வரலாம். எழில், மறுசேர்க்கைக்கு லெட்டர் எழுதி வாங்கிக்க."

ரஞ்சிதா என் எதிரே உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தேன். அந்தக் கடிதத்துக்கு அலுவலகத்தில் நிலையான ஒரு வாசகம் உண்டு. நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"எனது சொந்தக் காரணங்களால் வேறு கல்லூரியில் சேர இயலாததால்..."

பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வாசகத்தை நீக்கச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. தாளாளர் கதவருகே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எழுதும்மா" என்றேன்.

குனிந்து எழுதினாள்.

"தேதி நேத்து போடணுமா சார், இன்னைக்கா?"

"இன்னைக்கே போடும்மா."