கமலினி போய்வந்த ஊர்கள்

மெல்பேண் கிளேட்டனில் தன் வீட்டின் முன்னறைச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கணேசலிங்கம் தானே ஏணி வைத்து அடித்தார். ஆணி சற்றுச் சரிந்திருந்தது. பிடுங்கி மறுபடி அடித்தார். இளைப்பாறுமுன் முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர் அவர். தன் வீட்டில் ஒரு கோடு சரிந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"இந்தக் குளிருக்குள்ள ஆக்களைக் கூப்பிட்டு இதெல்லாம் தேவையோ?" குசினியிலிருந்து நாகேஸ்வரி கேட்டாள். வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"தேவை" என்றார். அடுத்த ஆணியை எடுத்தார்.

கமலினி அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மகள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஏப்ரலில் லண்டனில் ஒரு மாநாட்டுக்குப் போனவள், திரும்பும் வழியில் பிரான்சுக்குள் ரயிலேறி, பழைய ஊர்கள் நாலைந்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தகப்பனில்லாத பெண்ணைத் தனியே விட்டதே பிழை என்று சிலர் சொன்னார்கள். அவள் தனியே போகவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். இந்த இரண்டாவது பேச்சு, ஆனி உத்தரப் பூசைக்காக இரவல் வாங்கிய பள்ளி மண்டபத்தைக் கூட்டிக் கழுவப் போன இடத்தில் அவர் காதிலேயே விழுந்தது. சச்சிதானந்தனின் மகன் சிறிதரன் அடிலெய்டில் டாக்டர். கமலினிக்கு அவனைப் பேசி, சாதகக் குறிப்பும் பொருந்தி, நாள் பார்ப்பதுதான் மிச்சமாக இருந்த நேரம். கதை அவர்கள் காதுக்கும் போயிருக்கும். கணேசலிங்கம் அன்றைக்கே முடிவெடுத்தார். எங்கள் குடும்பத்தில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை எல்லாரும் வரட்டும். அவள் போன ஊரையெல்லாம் சுவரில் பார்க்கட்டும்.

வெளிநாடு போய் வருகிறவர்கள் ஸ்லைட் போட்டுக் காட்டுவது அந்த நாளில் மெல்பேணில் வழக்கம். நாலு குடும்பம் வந்தது. கோட்டுகள் எல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவிந்தன. முதல் வரிசைக் கதிரைகளில் சச்சிதானந்தனும் மனைவி யோகாவும் உட்கார்ந்தார்கள். கணேசலிங்கம் கழுத்துப்பட்டி கட்டி, முதுகு கதிரையில் படாமல் பக்கத்தில் இருந்தார். கமலினி புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றாள். விளக்கை அணைத்ததும் அதன் சூடாற்றும் விசிறி இரைந்தது.

முதலில் ரயில் ஜன்னல். அதற்கப்பால் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் பூ வயல், வானம் வரைக்கும். "கடுகு மாதிரி ஒரு செடி. எண்ணெய் எடுக்கிறவை" என்றாள் கமலினி. ஜன்னலோரம் அவள் முகம். அடுத்தது சார்த்ர் என்ற ஊர். வயல் நடுவே கப்பல் மாதிரி எழும்பி நிற்கும் தேவாலயம், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கோபுரம். வாசற்படியில் கமலினி, பச்சைச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. பிறகு தூர் என்ற ஊர். பூத்து நின்ற செஸ்நட் மரங்களின் கீழ், ஆற்றங்கரையில், கமலினி. மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளின் நடுவே கமலினி.

"பிள்ளை இல்லாத படமே இல்லைப்போல" என்றார் சச்சிதானந்தன். "பிரான்சைப் பார்க்க வந்தனாங்கள், கமலினியைத்தான் பார்க்கிறம்."

எல்லாரும் சிரித்தார்கள். கணேசலிங்கமும் மீசைக்குள் சிரித்தார். விமான நிலையத்தில் அவர்தான் சொல்லி அனுப்பினார். வெறும் கட்டிடத்தைப் பிடிச்சுக்கொண்டு வராதை, அது போஸ்ட் கார்டில இருக்கு, ஒவ்வொரு படத்திலயும் நீ நிக்கவேணும், அப்பத்தான் போனதுக்குச் சாட்சி.

"அதுசரி" என்றாள் யோகா, வடையைக் கடித்தபடி. "எல்லாத்திலயும் நீர் வடிவா நிக்கிறீர். அப்ப ஆர் பிடிச்சது?"

கமலினி அடுத்த ஸ்லைடைத் தள்ளினாள்.

"டிஃபரென்ட் பீப்பிள், அன்ரி" என்றாள் கமலினி. "ரோட்டில போறாக்களிட்டக் கேக்கிறது."

யோகா தலையாட்டினாள். முடிந்தது. பேச்சு அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் சுவரில் அப்போது பூர்ஜ் என்ற ஊர் நின்றது. மாலை வெயில். கல் பாவிய முற்றத்தில் கமலினி. படத்தின் அடி விளிம்பிலிருந்து அவள் கால்வரைக்கும் படம் பிடித்தவரின் நிழல் நீண்டு கிடந்தது. அகன்ற விளிம்பு வைத்த தொப்பி. ஒரு பக்கம் தணிந்த தோள். இதே தொப்பியின் நிழலைச் சார்த்ர் படியிலும் பார்த்தது கணேசலிங்கத்துக்கு நினைவு வந்தது. தூர் ஆற்றங்கரையிலும் இதே தொப்பியும் தணிந்த தோளும்தான் கிடந்தன. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் கமலினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. இன்னும் கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆவணியில் கலியாணம். ஊர் வாய் தானாக அடங்கும். குசினி வாசலில் நின்ற நாகேஸ்வரிக்கு அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் பார்ப்பமே" என்றாள்.

ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அவர் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். இப்போது அவர் வீட்டில், அவர் காது கேட்க, அவர் பிள்ளை ஒரு பொய்யை வைத்துவிட்டாள். அதன் மேல் மணவறை கட்டி, அதில் நின்று அவர் தாரை வார்க்க வேண்டும்.

"தேத்தண்ணி பிறகு" என்றார். "பிள்ளை, மூண்டு ஊரிலயும் ஒரே தொப்பி விழுந்து கிடக்கு. ஆர்?"

நாகேஸ்வரி கையிலிருந்த தட்டு சுவரில் இடித்தது. கமலினி பதில் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அது அவருடைய தம்பியின் குரல்.

"எட்டியன் எண்டு பேர். சரித்திரம் படிப்பிக்கிறவர். சார்த்ருக்குப் போற ரயிலில முன் சீட்டில இருந்தவர். நீங்கள் சொல்லிவிட்டபடி நான் நிக்கவேணும், படம் பிடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டன். பிறகு மற்ற ஊருகளுக்கும் வந்தவர். இப்பவும் கடிதம் போடுறவர். நாங்கள் தனித்தனி ஹோட்டலில..."

"அதை நான் கேக்கேல்லை" என்றார் கணேசலிங்கம்.

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார். யோகா எழுந்து சேலைத் தலைப்பை உதறினாள். "அப்ப நாங்கள் வெளிக்கிடுவம், அண்ணை. உங்களுக்கும் கதைக்க இருக்கும்."

"இருங்கோ. கூப்பிட்டது படம் பார்க்க. படம் இன்னும் முடியேல்லை."

அவர் குரல் உயரவில்லை. ஆனாலும் யோகா எழுந்த இடத்திலேயே நின்றாள், கோட்டுக்குப் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல்.

"பெரியப்பா, அடுத்ததில நான் இல்லை" என்றாள் கமலினி.

"போடு."

ஸ்லைட் மாறியது. அவிஞ்ஞோன் ரயில் நிலையம். நடைமேடையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்து, ஒரு தோள் தணிந்து, தனியே நின்றான். கமெராவை நேராகப் பார்க்க வெட்கப்பட்டு, பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று பார்த்த பார்வை. காற்று அவன் மெல்லிய தலைமயிரைக் கலைத்திருந்தது. கோட்டின் பொத்தான் ஒன்றைத் தவறான துளையில் பூட்டியிருந்தான். படம் தெளிவாக இல்லை. முகம் கரைந்து பூசினாற்போல் இருந்தது.

கணேசலிங்கம் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரிப்புக்கு மிக அருகில் போய் நின்றார். பின்னால் யாரோ கதிரையை நகர்த்தினார்கள். அவர் திரும்பவில்லை.

"தெளிவாக்கு" என்றார்.

கமலினி வில்லையைத் திருகினாள். முதலில் பொத்தான் வந்தது. பிறகு கழுத்து, தாடை.

"இன்னும் கொஞ்சம்."

கண்கள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன.