வெளிப்படையாக

இரண்டாவது ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஒரே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆறாம் கட்டிலில் இருந்தவர் பத்திரம் எழுதுகிறவர். மறுநாள் காலை வயிற்றில் ஆபரேஷன். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை டாக்டர் அவர் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். "அவருக்குத் தெரிய வேணாம்" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதில், வார்டில் எல்லோரும் 'சின்னக் கட்டி' என்றே சொல்லிவந்தார்கள். நர்ஸும்தான்.

அவர் ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்தார். 'என் நோயின் நிலை எனக்கு வெளிப்படையாக விளக்கப்பட்டது' என்ற இடத்தில் விரல் நின்றது.

"வெளிப்படையான்னா என்ன அர்த்தம் சிஸ்டர்?"

"ஒளிவுமறைவு இல்லாமன்னு அர்த்தம் சார். எல்லாருக்கும் இருக்கிற வரிதான். போடுங்க."

"படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்." சிரித்தார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிடறேன். மத்ததெல்லாம் சரி."

ஒரே கோடு. பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே முழுக் கையெழுத்து. வாக்குவாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. எத்தனை நாளாய்த் தெரியும் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

டாக்டர் தாளைத் திருப்பித் தள்ளினார். "இது செல்லாது. புதுசா வாங்கிட்டு வாங்க."

புதுப் படிவத்தோடு நடந்தவள், மருந்துக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த மனைவியை வராந்தாவில் நிறுத்தினாள். பழைய தாளை நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் எதை அடிச்சிருக்காருன்னு பாருங்கம்மா."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. "யாரு சொன்னது அவருகிட்ட? நீங்களா?"

"யாரும் சொல்லலம்மா. அதனாலதான் அடிச்சிருக்காரு."

"நான் போய் என்னன்னு ஆரம்பிப்பேன்?"

நர்ஸ் அடித்திருந்த வார்த்தையைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்குக் கீழே எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை.

"நான் வெளியிலயே இருக்கேன். மெதுவா பேசிட்டு வாங்க."

கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். மனைவி கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து, அவர் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் முதலில் பேசினார்கள் என்று தெரியவில்லை. நர்ஸ் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, வீங்கிய பாதங்களை மெல்ல ஷூவிலிருந்து உருவிக் குளிர்ந்த தரையில் பதித்தாள்.