சீமாட்டியின் குரல்

ரெக்லா வீசிய பவுடர் டப்பா நிலைக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஒப்பனை அறை வாசலில் நின்ற தோன் எலாடியோ தலையைக் குனிந்து தப்பினார். அந்த நாடக அரங்கு அவருடையது. கண்ணாடியும் அவருடையது. ரெக்லாவின் தொண்டை மட்டும் அவருடையதில்லை என்பதை அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது?

"நான் பொறந்தது தெக்க, காதிஸ் கடக்கரை. இந்த நாடகத்துல வாரவளும் காதிஸ்காரி. மீன்பிடிக்கப் போன புருசன் திரும்பாம நிக்கிறவ. அவ எங்க ஊருப் பேச்சை விட்டுட்டு, மாட்ரிட் சீமாட்டி கணக்கா ஒப்பாரி வைப்பாளா? நீரு என்னவே சொல்லுதீரு?"

"மகளே, நேத்து ஜனங்க கத்தினது உன் காதுல விழலையா? 'இது அவ குரல் இல்ல, ஏமாத்துறாங்க'ன்னு காலால தரையை உதைச்சாங்க. டிவியில பாத்த முகத்துக்கு டிவியில கேட்ட குரலைக் கேக்குறாங்க. இதுல என்ன தப்பு?"

என்ன தப்பா? டிவியில் வந்த குரல் ரெக்லாவுடையதே இல்லையே!

சின்ன வயதில் ஊர் ஊராகத் திருவிழாவுக்குக் கொட்டகை போடும் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்தபிறகு வேலைக்காரி வேஷம், மறுபடி வேலைக்காரி வேஷம், அதற்கப்புறமும் வேலைக்காரி வேஷம். தெற்கத்திப் பேச்சுக்காரி தட்டு ஏந்தத்தான் லாயக்கு என்று அங்கே எல்லோருக்கும் ஓர் எண்ணம். சொல்லின் வாலை விழுங்கிக்கொண்டு "சாப்பாடு தயாருங்க" என்று அவள் வந்து நின்றாலே சிரிப்பார்கள். சிரிக்கவைக்கத்தான் கூப்பிட்டார்கள்.

நாற்பதைத் தாண்டி, டிவித் தொடர் ஒன்றில் சீமாட்டி வேஷம் கிடைத்தது. உயிரைக் கொடுத்து நடித்தாள். முதல் வாரம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆலிவ் காயும் ஒயினும் கொடுத்து டிவியைப் போட்டாள். திரையில் அவள் வாய் திறந்தது. வேறொருத்தி பேசினாள். படப்பிடிப்பு முடிந்தபின் குரலை மாற்றியிருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி அவள் கன்னத்தைக் கிள்ளி, "அடேயப்பா, டிவின்னா மட்டும் எவ்வளவு அழகா பேசுற!" என்றாள். நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, அந்த ஒயின் அவள் தொண்டையில் இறங்கியிருக்குமா?

அதிலிருந்து கோழிக் கடையில் கால் கிலோ கேட்டால்கூட, "விளையாடாதீங்க சீமாட்டி, ஒழுங்கான குரல்ல கேளுங்க" என்று கடைக்காரன் இளிப்பான்.

"அதான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று எலாடியோ நகர்ந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் காய்கறிப் பையோடு ஒரு குள்ளமான பெண். "இவங்க எல்விரா. உனக்கு டிவியில குரல் குடுத்தவங்க. சாயங்கால ஆட்டத்துக்குள்ள அந்தப் பேச்சை உனக்குச் சொல்லிக்குடுப்பாங்க. இல்லேன்னா நாளைக்கு வேற ஆள் நடிப்பா." சொல்லிவிட்டு நழுவினார்.

ரெக்லா சீப்பை இறுக்கிப் பிடித்தாள். "எங்கிட்டத் திருடினதை எனக்கே படிச்சுக்குடுக்க வந்தியோ?"

"நான் திருடலைங்க. இருட்டு அறையில உக்காத்தி, உங்க உதட்டைக் காட்டிப் பேசச் சொன்னாங்க. நீங்க சம்மதிச்சதாத்தான் சொன்னாங்க."

"சம்மதமா! ஒம் பேரையாவது போட்டானுவளா?"

"எங்கே? அது என் குரல்னு எங்க வீட்டுக்காரர் மதுக்கடையில சொன்னா, அவரைக் குடிகாரன்னு சிரிக்கிறாங்க."

"அதுக்கு நான் அழணுமோ?"

"வேண்டாம். அந்தக் கடற்கரைக் காட்சியை உங்க பேச்சுல ஒருதரம் சொல்லுங்க, கேக்கிறேன்."

"டிக்கெட் வாங்கிட்டு வந்து கேளு!" என்று ரெக்லா கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் அரங்கு நிரம்பிவிட்டது. ரெக்லா கறுப்பு முக்காட்டோடு மேடைக்கு வந்தாள். வாய் திறந்தாள், காதிஸ் பேச்சுதான் வந்தது. இரண்டு வரி போவதற்குள் மேல்மாடியிலிருந்து, "குரல் எங்கம்மா? வீட்டுலயே வெச்சுட்டியா?" என்றான் ஒருவன். சிரிப்பு. கால்கள் தரையை உதைத்தன. "சீமாட்டி! சீமாட்டி!" திரை மறைவிலிருந்து எலாடியோ கும்பிட்டுக் கெஞ்சினார். அவள் அசையவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"உட்காருங்கள்."

அந்தக் குரல்! நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்ட சீமாட்டியின் குரல், காய்கறிப் பை வைத்திருந்த குள்ளமான பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

"நீங்க இத்தனை நாள் கேட்டது என்னை. என் பேர் எல்விரா. அவங்க பேசுறதுதான் அவங்க குரல். பேசவிடுங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அத்தனை பேரும் அடங்கினார்கள். மேல்மாடிக்காரன் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டான்.

ரெக்லாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மண்டைக்குள் தீதான் ஏறியது. என் வாயை நான் திறக்க, அவள் குரல் வந்து அனுமதி வாங்கித்தர வேண்டியிருக்கிறதே! இந்த ஊர், இந்த டிவி, இந்த எலாடியோ, கன்னத்தைக் கிள்ளிய எதிர்வீட்டுக்காரி! எல்லோரையும் சேர்த்து அவள் கடலாக நினைத்துக்கொண்டு, முன்மேடைக்கு வந்து நின்றாள்.

"ஏ கடலே! என் மனுசனத் தின்னுட்ட. அவன் சட்டையவாவது துப்பினியா? ஒன் உப்பு கரிக்கிற வாயில மண்ணப் போட! இன்னும் யாரு வேணும் ஒனக்கு? நான் இங்கனதான் நிக்கேன். வா, வந்து பாரு!"

வழக்கம்போல் சொல்லின் வால்களை விழுங்கித்தான் சொன்னாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தானா என்று அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அடுத்த வரியைத் தொடங்கினாள்.