நாராயணப்பனின் குரலை மறைக்கும் குமிழ்

1.
இந்தக் கதை ஒரு கூரையைப் பார்த்ததில் பிறந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலைக் கொட்டகைமேல் இரண்டு ஆன்டெனாக் கம்பங்கள். ‘ஒன்று போதாதா?’ என்று கேட்டுவைத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

2.
வருடம் 1992. மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் சானமாவுக் காட்டுவழியே உத்தனப்பள்ளி போகும். ஓட்டுகிறவன் நாராயணப்பன். காட்டோரம் யானை பார்த்துச் சொல்லத் திம்மராயன் என்ற காவலாள். கம்பெனியில் ஒயர்லெஸ் பெட்டி முன்னால் நாராயணப்பனின் மனைவி சரோஜம்மாள். மூவருக்கும் ஒரே அலைவரிசை.

(சரோஜம்மாள் கண்ணில் நீர் ததும்ப... வேண்டாம். அவள் அழுகிறவள் இல்லை.)

நாராயணப்பன் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுவான். அந்நேரம் திம்மராயனும் பேசினால் இரண்டும் கலந்து வெறும் இரைச்சல். போன வாரம் அப்படித்தான் யானைச் செய்தி கேட்காமல் போய், பஸ் கொம்பன் யானைக்குப் பத்தடியில் நின்றது.

“ஏதாச்சும் பண்ணு பாய்,” என்றாள் மெக்கானிக் ஷௌகத் அலியிடம்.

அவர் கூரைமேல் இரண்டாவது கம்பம் நட்டு, இரண்டையும் இணைத்து அவள் பெட்டியருகே திருப்புகிற குமிழ் ஒன்று வைத்தார். “ரெண்டு கம்பத்துலயும் அண்ணன் குரல் வருதுக்கா. இதைச் சரியாத் திருப்புனா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும், அண்ணன் காணாமப் போவாரு. திம்மராயன் வேற திக்கு, அவன் மிஞ்சுவான்.”

3.
பஸ்ஸை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள், பலித்தது. பஸ் நகர்ந்ததும் திசை மாறி, குரல் திரும்ப வந்துவிட்டது. பஸ் ஓடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை! ஷௌகத் அலி தலையில் கை வைத்தார்.

சரோஜம்மாள் வைக்கவில்லை. புருஷன் எந்த வளைவில் கியர் மாற்றுவான், எங்கே வெற்றிலை துப்ப வேகம் குறைப்பான் என்று அவளுக்கு அத்துப்படி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அவன் குரல் அடியோடு மறைந்தால் அவள் கணித்த இடத்திலேயே அவன் இருக்கிறான் என்று அர்த்தம். அவளுடைய பிரியத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

4.
அன்றும் அவன் குரல் மறைந்தது. திம்மராயன் குரல் தெளிவாகக் கேட்டது: “அம்மா, ரோட்டுல குட்டியோட நிக்குதுங்க. பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க!”

எப்படிச் சொல்வது? நாராயணப்பன் பேசுவதற்காக அழுத்தியிருக்கும் பொத்தானை விட்டால்தான் அவனுக்கு எதுவும் கேட்கும். அவன் பேசி முடித்துவிட்டானா என்று குமிழைத் திருப்பிப் பார்த்தாள்.

“...சென்னம்மா கடை தாண்டியாச்சு மே, இன்னைக்கு வடை சூடா...”

முதல் முடிவில் பஸ் நின்றது. சுலபமாக நின்றதால் கிழித்துப் போட்டேன். இரண்டாவது முடிவில் பஸ்... இல்லை, அதை எழுதக் கை வரவில்லை.

சரோஜம்மாள் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக் காத்திருக்கிறாள். அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். அப்படிப்பட்டவனாக அவனைப் படைத்துத் தொலைத்தது நான்தான். இப்போது என் பேச்சையும் கேட்க மாட்டேன் என்கிறான். வாசகரே, நீங்களாவது அவனை ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள்.